கெயின் திருகுக்கு ஒரு மீட்டர்

கார் ஆடியோ பொருத்தும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் காரை ஓரங்கட்டி, கதவுப் பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் தோழர்களுக்கும், மற்ற ஊர்களில் ஆக்சஸரீஸ் கடை நடத்துபவர்களுக்கும், அவர்களிடம் தொழில் பழகும் தம்பிகளுக்கும் வணக்கம்.

வாடகை வண்டி ஓட்டும் ஒருவர், மூன்று மாதத்துக்கு முன் பொருத்திய சப்வூஃபரைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறார். இந்தக் காட்சி உங்களில் யாருக்கும் புதிதாக இருக்காது. கடைக்காரர் அதை வாங்கி மேசையில் மல்லாக்க வைத்து, கூம்பின் இரு பக்கமும் விரல்களைப் பதித்து மெல்ல அழுத்துகிறார். உள்ளே கரகரவென்று உரசுகிறது. மூக்கருகே கொண்டுபோனால் வார்னிஷ் தீய்ந்த வாடை. "காயில் போயிடுச்சுங்க. ஓவரா வச்சு அடிச்சிருக்கீங்க. வாரண்டி வராது" என்கிறார். வண்டிக்காரருக்கு முகம் சுண்டிவிடுகிறது. "பாதி வால்யூமுக்கு மேல நான் வச்சதே இல்லையே அண்ணே" என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. காயில் அளவுக்கு மீறிய சக்தியால்தான் தீய்ந்தது. வண்டிக்காரரும் வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றியிருக்க மாட்டார். இரண்டு உண்மைக்கும் நடுவில் இருப்பது, ஆம்ப்ளிஃபயரின் ஓரத்தில் சுண்டு விரல் நகம் அளவுக்குத் தெரியும் கெயின் திருகு. பொருத்திய அன்று அதை யாரோ 'அடி நல்லா வரட்டும்' என்று முக்கால் பங்குக்கு மேல் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அந்தத் திருகைப் பற்றித்தான் இந்த மடல்.

கெயின் என்பது இன்னொரு வால்யூம் என்ற எண்ணம் தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. ஸ்டீரியோவின் பின்பக்கத்து ஆர்சிஏ வழியாக வரும் சிக்னல் எல்லா செட்டிலும் ஒரே அளவு கிடையாது. சிலவற்றில் உச்சத்தில் 2 வோல்ட் வரும். சிலவற்றில் 4 அல்லது 5 வோல்ட் வரும். எந்த ஸ்டீரியோவோடு சேர்ந்தாலும் ஒத்துப்போக வேண்டும் என்பதால், பெரும்பாலான ஆம்ப்களில் 0.2 வோல்ட்டிலிருந்து 6 வோல்ட் வரை என்பது போல ஓர் எல்லை வைத்து ஒரு திருகைக் கொடுக்கிறார்கள். 'இத்தனை வோல்ட் உள்ளே வந்தால் உன் முழுச் சக்தியையும் வெளியே கொடு' என்று ஆம்ப்புக்குச் சொல்லும் வேலைதான் அதற்கு. பொருளை நிறுக்கும் முன் தராசு முள்ளை நடுவில் நிறுத்துகிறோமே, அந்த வேலை. 4 வோல்ட் தரும் ஸ்டீரியோவைப் பொருத்திவிட்டு, திருகை 0.5 வோல்ட் பக்கம் தள்ளிவிட்டால், ஸ்டீரியோ தன் பலத்தில் எட்டில் ஒரு பங்கு காட்டும்போதே ஆம்ப் தன் உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு புள்ளி வால்யூமும் பாட்டைக் கெடுக்கும், ஸ்பீக்கரைச் சுடும்.

உச்சத்தைத் தொட்ட பிறகு உள்ளே என்ன நடக்கிறது? ஒலியின் மின் அலை மலைமுகடு போல வளைந்து ஏறி இறங்க வேண்டியது. ஆம்ப் தரக்கூடிய வோல்ட்டேஜுக்கு ஒரு கூரை உண்டு. அலை அந்தக் கூரையில் முட்டினால் முகடு வெட்டுப்பட்டு மேசைப் பலகை போலத் தட்டையாகிவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். வளைந்த அலையின் உச்சமும் சதுர அலையின் உச்சமும் ஒரே உயரத்தில் இருந்தாலும், சதுர அலை சுமக்கும் சக்தி சரியாக இரண்டு மடங்கு. அதாவது 100 வாட் ஆம்ப்பை முழுக்க வெட்டவிட்டால், அது ஸ்பீக்கருக்குள் 200 வாட் வரை தள்ளப் பார்க்கும். கூடவே, வெட்டுப்பட்ட அலையில் மூலப் பாட்டில் இல்லாத உயர் அதிர்வெண்கள் முளைக்கும். கிராஸ்ஓவர் அவற்றையெல்லாம் ட்வீட்டர் பக்கம் அனுப்பிவிடும். பெட்டியில் 60 வாட் என்று அச்சிட்டிருப்பது மொத்த செட்டுக்கு. தலைமுடி போன்ற கம்பி சுற்றிய ட்வீட்டர் தனியாகத் தாங்குவது அதில் சிறு பங்குதான். அதனால்தான் பல வண்டிகளில் ட்வீட்டர் முதலில் போகிறது.

இந்த இரட்டிப்புக் கணக்கு ஸ்டீரியோவின் முகப்பிலேயே எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. 'மாஸ்ஃபெட் 50 வாட் × 4' என்ற வாசகத்தை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள். என்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். அதை அப்படியே சதுர அலையாக 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால், 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுக்க, கிட்டத்தட்ட 52 வாட். விளம்பரத்து 50 வாட் பிறப்பது இங்கேதான். அதே 14.4 வோல்ட்டைக் கூரையாக வைத்து வளைந்த, சுத்தமான அலையைக் கொடுத்தால் கணக்குப்படியே 26 வாட்டுக்கு மேல் வராது. உள்ளே ஆகும் இழப்புகள் போக, நடைமுறையில் 20 வாட்டை ஒட்டி நிற்கும். பெட்டியின் மேல் இருக்கும் எண்ணை நம்பி கெயின் வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2003-இல் சிஇஏ-2006 என்ற தரநிலை வந்ததே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். 14.4 வோல்ட், 4 ஓம், திரிபும் இரைச்சலும் சேர்த்து 1 சதவீதத்துக்கு மிகாமல் என்ற நிபந்தனைகளில் அளந்த வாட்தான் அந்த முத்திரையோடு வரும். இப்போது சிடிஏ-2006 என்று அழைக்கிறார்கள். அந்த முத்திரையோ, கையேட்டில் 'ஆர்எம்எஸ்' என்று எழுதிய எண்ணோ இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'மேக்ஸ்', 'பீக்', 'பிஎம்பிஓ' என்று வருபவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காலங்காலமாக நடக்கும் முறை எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பாட்டைப் போடுவது, வால்யூமை ஏற்றுவது, கரகரக்கும் வரை கெயினைத் திருப்புவது, கரகரத்ததும் கொஞ்சம் இறக்கி விட்டுவிடுவது. அனுபவசாலிகளின் காதைக் குறைத்துச் சொல்ல இந்த மடலுக்குத் தகுதி இல்லை. கதவு ஸ்பீக்கர் பிசகுவதை நல்ல காது பிடித்துவிடும். சப்வூஃபரில்தான் காது ஏமாறும். 40, 50 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியில் திரிபு வந்தால், அது கெட்டுப்போன ஒலியாகக் கேட்காமல் 'இன்னும் நல்ல அடி'யாகவே கேட்கும். பக்கத்தில் பஸ் ஹாரன், எதிர்க் கடையில் இன்னொரு டெமோ, காலையிலிருந்து நாலு வண்டி பார்த்துக் களைத்த காது. கஸ்டமரோ பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்கிறார். இத்தனைக்கும் நடுவில் காதை மட்டும் நம்பச் சொல்வது அந்தக் காதுக்கே நியாயமில்லை.

உங்கள் கிட்பேக்கில் ஏற்கெனவே கிடக்கும் மல்டிமீட்டர் இங்கே கைகொடுக்கும். அந்தக் கருவி பிறந்ததே உங்களைப் போல ஓடி ஓடி வேலை பார்த்த ஒருவரின் சலிப்பிலிருந்துதான். பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்கடீ, தொலைபேசிக் கம்பிகளைப் பழுது பார்க்க ஆம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று கருவிகளைச் சுமந்து அலுத்துப்போனார். மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கும் யோசனை அவருடையது. 1923-இல் அது 'ஆவோமீட்டர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகியவற்றின் முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயர். இன்று சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் மீட்டர் அதன் பேரப்பிள்ளை.

கணக்கு ஒன்றே ஒன்றுதான். வாட்டை ஓமால் பெருக்குங்கள். வந்த எண்ணுக்கு வர்க்கமூலம் எடுங்கள். கிடைப்பது ஆம்ப்பின் வெளியீட்டில் மீட்டர் காட்ட வேண்டிய ஏசி வோல்ட். செல்போன் கால்குலேட்டரில் வர்க்கமூலக் குறி இருக்கிறது. 100 வாட், 4 ஓம் என்றால் பெருக்கினால் 400, வர்க்கமூலம் 20. ஆக 20 வோல்ட். 75 வாட், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். 500 வாட் மோனோ ஆம்ப் 2 ஓமில் என்றால் 31.6 வோல்ட், அதே 500 வாட் 1 ஓமில் என்றால் 22.4 வோல்ட். ஓம் மாறினால் இலக்கும் மாறிவிடும். ஆகவே முதலில் ஓமை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்க்கலாம். ஆம்ப், 2 ஓமில் 500 வாட் தரும் மோனோ. சப்வூஃபர், 4 ஓம் காயில் இரண்டு கொண்ட டூயல் வாய்ஸ் காயில் வகை. தாங்கும் சக்தி 400 வாட் ஆர்எம்எஸ். இரண்டு காயிலையும் பேரலலாக இணைத்தால் 2 ஓம். சீரியஸில் இணைத்தால் 8 ஓம். பேரலலாக இணைத்திருக்கிறோம். ஆம்ப் தருவது 500, ஸ்பீக்கர் தாங்குவது 400. இரண்டில் சிறியதைத்தான் இலக்காக எடுக்க வேண்டும். 400-ஐ 2-ஆல் பெருக்கினால் 800, வர்க்கமூலம் 28.3. நம் எண் 28.3 வோல்ட். 'நூறு வாட் வீணாகிறதே' என்று கஸ்டமர் கேட்டால், தைரியமாகப் பதில் சொல்லுங்கள்: 500 வாட்டுக்கும் 400 வாட்டுக்கும் காதில் விழும் வித்தியாசம் ஏறத்தாழ 1 டெசிபல். கூர்ந்து கேட்டாலும் பிடிபடுவது கடினம். சக்தியைப் பாதியாகக் குறைத்தாலே 3 டெசிபல்தான் இறங்கும். சத்தம் இரு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். விட்டுக்கொடுக்கும் அந்த நூறு வாட் காதுக்குத் தெரியாது, காயிலுக்குத் தெரியும்.

இனி வேலைக்கு வருவோம். டெஸ்ட் டோன்களை முன்கூட்டியே ஒரு பென் டிரைவில் வேவ் கோப்பாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ், கதவு ஸ்பீக்கர்களுக்கு 300 அல்லது 400 ஹெர்ட்ஸ், 0 டெசிபல் அளவில் பதிவானவை. போனிலிருந்து ப்ளூடூத்தில் ஓட்டினால் போனின் வால்யூம், பாட்டு ஆப்பின் ஈக்வலைசர் எல்லாம் நடுவில் புகுந்து கணக்கைக் குலைத்துவிடும்.

காரை வெட்டவெளியில் நிறுத்தி என்ஜினை ஓடவிடுங்கள். என்ஜின் அணைந்த நிலையில் பேட்டரி 12.6 வோல்ட்தான் தரும். பல ஆம்ப்களின் கூரை அப்போது தாழ்ந்துவிடும். மூடிய ஷெட்டுக்குள் ஓடவிடவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. ஸ்டீரியோவில் ஈக்வலைசரை நேர்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். லவுட்னஸை அணையுங்கள். 'ராக்', 'பாப்' என்று எந்த ப்ரீசெட்டும் இருக்கக் கூடாது. ஆம்ப்பில் பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். லோ பாஸ் ஃபில்டரை மேல் எல்லைக்குத் தள்ளுங்கள். டேஷ்போர்டில் பேஸ் நாப் தனியாக இருந்தால் அதை உச்சத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். பிறகு கஸ்டமர் அதை எவ்வளவு திருப்பினாலும் நீங்கள் வைத்த எல்லையைத் தாண்ட முடியாது.

ஆம்ப்பை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. பாட்டில் ஏற்ற இறக்கம் உண்டு. ஸ்பீக்கருக்கு இடையிடையே மூச்சு விட நேரம் கிடைக்கும். டெஸ்ட் டோனுக்கு இறக்கமே இல்லை. முழுச் சக்தியில் சில விநாடி ஓடினாலே ட்வீட்டர் போய்விடலாம். கழற்றிய வயர் முனைகளை டேப் சுற்றி விலக்கி வையுங்கள். கெயினைக் குறைந்த பக்கத்துக்கு முழுதும் திருப்பிவிடுங்கள்.

இப்போது மீட்டர். கறுப்பு வயர் 'காம்' துளையில், சிவப்பு வயர் வோல்ட்-ஓம் துளையில் இருக்க வேண்டும். சிவப்பு வயர் முந்தின வேலைக்குப் பிறகு 10 ஆம்பியர் துளையிலேயே கிடந்தால், ஆம்ப்பின் இரு முனைகளையும் நேராக ஷார்ட் செய்வதற்குச் சமம். வயரைச் செருகியதும் ஒரு முறை குனிந்து பார்த்துவிடுங்கள். திருப்பியை ஏசி வோல்ட் 200-க்குக் கொண்டுவாருங்கள். நம் மஞ்சள் மீட்டர்களில் ஏசிக்கு 200, 750 என்று இரண்டு ரேஞ்சுதான் வழக்கமாக இருக்கும். 200-இல் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் காட்டும், அது போதும். முட்களைக் கையில் பிடிப்பதைவிட முதலைக் கிளிப் போட்டு மாட்டுவது நல்லது. கை வழுக்கி இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால் ஆம்ப் அங்கேயே போகலாம். ஒரே சேனலின் பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் நடுவில்தான் அளக்க வேண்டும். பாடியைத் தொட்டு அளக்காதீர்கள். பல ஆம்ப்களில் ஸ்பீக்கர் மைனஸும் பாடி எர்த்தும் ஒன்றல்ல. பிரிட்ஜ் செய்திருந்தால், பிரிட்ஜுக்கென்று குறித்த இரு முனைகளில் அளவெடுங்கள். பெரிய ஆம்ப்களில் கை ஈரமாக இருக்கக் கூடாது. 4 ஓமில் 1,000 வாட் என்றால் வெளியீடு 63 வோல்ட் ஏசி. அது ஷாக் அடிக்கும்.

ஆம்ப்பை இயக்கி, டோனை ஓட்டி, ஸ்டீரியோ வால்யூமை நாலில் மூன்று பங்குக்குக் கொண்டுவாருங்கள். 40 வரை போகும் செட்டில் 30. அதற்கு மேல் போனால் பல ஸ்டீரியோக்கள் தாங்களே சிக்னலை வெட்ட ஆரம்பித்துவிடும். இனி ஸ்க்ரூடிரைவர். திருகை அவசரமில்லாமல், கடிகார விநாடி முள் நகரும் நிதானத்தில் திருப்புங்கள். மீட்டரில் 9.4, 14.8, 21.0 என்று எண் ஏறும். 28-ஐத் தொட்டதும் கையை எடுத்துவிடுங்கள். டோனை நிறுத்தி, வால்யூமை இறக்கி, ஆம்ப்பை அணைத்து, வயர்களை மாட்டுங்கள். பழகிய கைக்கு ஒரு சேனலுக்கு ஐந்து நிமிடம் போதும்.

இரண்டு விதமாகச் சிக்கல் வரலாம். கெயின் அடிமட்டத்தில் இருக்கும்போதே மீட்டர் இலக்கைத் தாண்டிவிட்டால், வரும் சிக்னல் அதிகம். ஆம்ப்பில் இன்புட் ரேஞ்ச் மாற்றும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். முழுக்கத் திருப்பியும் இலக்கு வரவில்லை என்றால், சிக்னல் போதவில்லை. அப்போது பேஸ் பூஸ்ட்டை ஏற்றி எண்ணை எட்டிப் பிடிக்கும் ஆசை வரும், வேண்டாம். பூஸ்ட்டில் 3 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் ஆம்ப்பிடம் இரு மடங்கு சக்தி கேட்கிறீர்கள். 6 டெசிபல் என்றால் நான்கு மடங்கு. 12 டெசிபல் என்றால் பதினாறு மடங்கு. மீட்டர் வைத்து ஒழுங்காக அளந்த கெயினும், பிறகு ஏற்றிய ஒரு பேஸ் பூஸ்ட்டால் பயனற்றுப் போகும். பேஸை ஏற்றியே தீர வேண்டும் என்று கஸ்டமர் கேட்டால், ஏற்றிய நிலையிலேயே 50 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, மீண்டும் அளந்து, கெயினை அதற்கேற்ப இறக்குங்கள்.

கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்ற விரும்பாதவர்கள் இப்போது அதிகம். ரிவர்ஸ் கேமரா, ஸ்டியரிங் பட்டன் எல்லாம் அதோடு பிணைந்திருக்கிறது. அங்கே ஸ்பீக்கர் வயரிலிருந்தே ஹை லெவல் இன்புட்டாகவோ கன்வர்ட்டர் வழியாகவோ சிக்னல் எடுக்கிறோம். பல கம்பெனி செட்டுகள் வால்யூம் ஏற ஏற பேஸைத் தாமே குறைத்துக்கொள்ளும். சின்ன ஸ்பீக்கரைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு அது. ஆகவே பாதி வால்யூமில் ஒருமுறை, முக்கால் வால்யூமில் ஒருமுறை என்று இரண்டு இடத்திலும் 50 ஹெர்ட்ஸ் டோனை அளந்து, எங்கே வோல்ட் அதிகமோ அங்கே எல்லையை வையுங்கள்.

மீட்டரால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். அலை வளைந்திருக்கிறதா, வெட்டுப்பட்டிருக்கிறதா என்று மீட்டருக்குத் தெரியாது. 20 வோல்ட் சுத்தமாகத் தரும் ஆம்ப்பை முழுக்க வெட்டவிட்டால் உண்மையான வோல்ட் 28.3 ஆகும், ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் அதையே காட்டும், விலை குறைந்த மீட்டர் சராசரியை வைத்துக் கணக்குப் போடுவதால் 31.4 என்று காட்டும். இரண்டுமே 'வெட்டுகிறது' என்று எச்சரிக்காது. அதனால்தான் இலக்கு எண்ணைத் தாண்டி ஒரு துளிகூடப் போகக் கூடாது. 5 சதவீதம் கீழே நின்றால் இன்னும் நல்லது. மலிவான மீட்டர்கள் சுமார் 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பகமாக அளக்கும். கதவு ஸ்பீக்கர்களுக்கு 1,000 ஹெர்ட்ஸ் டோனைச் சொல்லாமல், மேலே 300 அல்லது 400 ஹெர்ட்ஸ் என்று சொன்ன காரணம் அதுவே. தினமும் பெரிய ஆம்ப்கள் வரும் கடை என்றால், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு கையடக்க ஆசிலோஸ்கோப் வாங்குவது தகும்; அதன் திரையில் முகடு தட்டையாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பதிவு அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 0 டெசிபல் என்பது டிஜிட்டல் பதிவின் உச்ச வரம்பு. அண்மைக் காலப் பாடல்கள் பலவும் அந்த வரம்பை ஒட்டியே பதிவாகின்றன. பழைய பாடல்களின் பதிவு தாழ்ந்து ஒலிப்பது வழக்கம். இரவுப் பயணத்தில் பழைய பாட்டு கேட்பவருக்கு 0 டெசிபலில் வைத்த கெயின் கொஞ்சம் சன்னமாகப் படலாம். அவருக்கு -5 டெசிபல் டோனை வைத்து அதே எண்ணுக்கு அளக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்படிச் செய்தால், புதுப் பாட்டு ஒன்று வரும்போது அதே வால்யூமில் ஆம்ப் 5 டெசிபல் அளவுக்கு வெட்டும் என்பதை அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சப்வூஃபருக்கு 0 டெசிபலையே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

மீட்டர் கையில் இருக்கும்போதே இன்னும் மூன்று அளவு எடுத்துவிடலாம். ஒன்று, ஸ்பீக்கரின் ஓம்: 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.6 வரை காட்டும், அது பழுதல்ல. 1 ஓமுக்குக் கீழே இறங்கினால் காயில் ஷார்ட், எண்ணே வராவிட்டால் அறுந்துவிட்டது. இரண்டு, பாட்டு ஓடாதபோது ஆம்ப் வெளியீட்டில் டிசி வோல்ட்: பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும், வோல்ட் கணக்கில் வந்தால் ஆம்ப்பே பழுது, எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் சுட்டுவிடும். மூன்று, பாட்டு சத்தமாக ஓடும்போது பேட்டரி பிளஸுக்கும் ஆம்ப் பிளஸுக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் விழுகிறது, பேட்டரி மைனஸுக்கும் ஆம்ப் எர்த்துக்கும் நடுவே எவ்வளவு விழுகிறது என்பது. அரை வோல்ட்டைத் தாண்டினால் வயர் மெல்லியது அல்லது எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட் சுரண்டப்படவில்லை. செம்பு பூசிய அலுமினிய வயருக்கு அதே பருமனில் செம்பைவிடக் கடத்தும் திறன் குறைவு என்பதும் அப்போது எண்ணாகவே தெரிந்துவிடும். 500 வாட் ஆம்ப், 80 சதவீதத் திறனுள்ள கிளாஸ் டி வகையாக இருந்தாலும் முழுச் சக்தியில் 43 ஆம்பியர் இழுக்கும். அந்த வயரில் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இல்லாத வண்டியைக் கடையிலிருந்து வெளியே விடாதீர்கள்.

ஸ்பீக்கரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டுக் காதை விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் தொழிலகப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ், 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் எல்லை என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும்: 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 100-இல் 15 நிமிடம். கண்ணாடி ஏற்றிய சின்னக் காருக்குள் நல்ல சப்வூஃபர் 100-ஐ எளிதாகத் தாண்டும். நாள் முழுதும் ஸ்டியரிங் பிடிக்கும் வாடகை வண்டிக்காரருக்கும், நாள் முழுதும் டெமோ போடும் உங்களுக்கும் இந்தக் கணக்கு ஒன்றேதான். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. டெமோ போடும் தம்பிகளின் காதில் மலிவான ஃபோம் அடைப்பானாவது இருக்கட்டும்.

கடை முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். வேலைக்குச் சேரும் பையன் முதல் வாரத்தில் கற்பது கதவு கிளிப் உடையாமல் கழற்றுவது. இரண்டாவது வாரத்தில் இந்த மீட்டர் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். 'மீட்டர் வச்சு கெயின் செட் பண்ணித் தரோம்' என்று பலகையில் ஒரு வரி எழுதி, அதற்குத் தனிக் கூலி வாங்குங்கள். கஸ்டமரைப் பக்கத்தில் நிறுத்தி, மீட்டரின் எண்ணை அவர் கண்ணாலேயே பார்க்கவிட்டுச் செய்யும் வேலைக்கு யாரும் கூலி குறைக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்வதற்குத்தான் இவ்வளவும். வேலை முடிந்ததும் கெயின் திருகின் பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் எழுதுங்கள்: '50 ஹெர்ட்ஸ், 0 டெசிபல், 28 வோல்ட், 2 ஓம், வால்யூம் 30.' கீழே தேதி. சாவியைக் கொடுக்கும்போது 30-தான் எல்லை என்று வண்டிக்காரரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அவர் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தால், டிக்கியைத் திறந்து அந்த டேப்பைப் படித்துவிட்டு, அவர் முன்னாலேயே மறுபடி அளந்து பாருங்கள். 28 வோல்ட் அப்படியே இருக்கிறதா, யாராவது திருகைத் திருப்பியிருக்கிறார்களா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். யார் சொல்வது உண்மை என்று அவரும் நீங்களும் வாதாட வேண்டியிருக்காது.

அன்புடன்,
உங்கள் கைவேலையை நம்பி வண்டியில் பாட்டு கேட்பவர்கள் சார்பாக